பிள்ளை பிடிக்கப் போகும் பேராசிரியைக்கு

கேள்வி:

ஐயா, நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் உதவிப் பேராசிரியை. எங்கள் எம்.எஸ்சி. வகுப்பில் 40 இடங்கள் உண்டு; போன ஆண்டு நிரம்பியவை 23. முழுநேர ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதனால் ஆளுக்கு ஐந்து கல்லூரிகள் என்று பிரித்துக் கொடுத்து, மாணவர்களைத் திரட்டி வரச் சொன்னார்கள். மார்ச் மாத வெயிலில் ஐந்துக்கும் போனேன். கருத்தரங்கக் கூடத்தில் முக்கால் மணி நேரம் பேசினேன், 400 துண்டறிக்கைகள் கொடுத்தேன். வந்தவை மூன்று விண்ணப்பங்கள். ஒரு கல்லூரியில் துறைத்தலைவர் எல்லார் முன்னிலையிலும், "வாருங்கள் மேடம், பிள்ளை பிடிக்க வந்தீர்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்; பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வந்துவிட்டது. இந்த ஆண்டும் போகச் சொல்கிறார்கள். தப்பிக்க வழி உண்டா? இல்லையென்றால் இதை மானத்தோடு செய்வது எப்படி? திரும்பி வந்ததும் ஒரு படிவத்தில் 'பயன்' என்று ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். அதில் என்ன எழுதுவது என்றும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

பதில்:

வணக்கம் அம்மா. தப்பிக்க வழி உண்டா என்பதை முதலில் முடித்துவிடுவோம். உண்டு. மருத்துவச் சான்றிதழ், பிள்ளைக்குத் தேர்வு, ஆய்வகத்தில் கருவி பழுது என்று, சேர்க்கைப் பொறுப்பில் இருந்த 14 ஆண்டுகளில் என்னிடம் வந்த காரணங்களை எழுதி வைத்திருந்தால் ஒரு குயர் நோட்டு நிறைந்திருக்கும். அதில் ஒன்றை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் தெரிவது சோம்பல் அல்ல, கூச்சம். என்னைக் கேட்டால், கூச்சப்படுகிறவர்களைத்தான் இந்த வேலைக்கு அனுப்ப வேண்டும்.

கூச்சமே இல்லாத ஒருவரை அனுப்பி நாங்கள் பட்ட பாடு இருக்கிறது. நல்ல பேச்சாளர் அவர். ஒரு கல்லூரியில் போய், "எம்.எஸ்சி. முடித்த கையோடு வேலை" என்று முழங்கி, அறுபது விண்ணப்பங்களை அள்ளி வந்தார். பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். துறையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். இரண்டாம் ஆண்டு முடியும் சமயத்தில் அதே பிள்ளைகள் என் அறை வாசலில் வந்து நின்று, "அந்த சார் சொன்ன கம்பெனி எது சார்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கல்லூரியிலிருந்து அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு ஒரு பிள்ளைகூட எங்கள் பக்கம் வரவில்லை. வீட்டுக்கு வீடு, பஸ்ஸுக்கு பஸ் செய்தி போய்விட்டது.

இனி உங்கள் மூன்று விண்ணப்பங்களுக்கு வருகிறேன். உங்களை மார்ச்சில் அனுப்பியதுதான் கோளாறு. மார்ச்சில் இறுதியாண்டு மாணவி எந்த நிலையில் இருப்பாள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ரெக்கார்டு நோட்டில் நான்கு சோதனைகளுக்குக் கையெழுத்து பாக்கி. செய்முறைத் தேர்வு அடுத்த வாரம். இரண்டாம் பருவத்துக் கணித அரியர் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அவளிடம் போய் உங்கள் துறையில் இருக்கும் எக்ஸ்-கதிர் கருவியின் விலையைச் சொன்னால் அவள் எதைக் கேட்பாள்? அதோடு, அவளுடைய அடுத்த ஆண்டு பொங்கல் விடுமுறையிலேயே வீட்டில் பேசி முடிக்கப்பட்டிருக்கும். பி.எட்., இல்லாவிட்டால் குரூப் 4 பயிற்சி மையம், இல்லாவிட்டால் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலை, இல்லாவிட்டால் கல்யாணம். நீங்கள் போய் நின்றது பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு.

நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. படிப்புகளுக்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. ஆனால் அதற்கான விண்ணப்பம் முந்தைய செப்டம்பரில் திறந்து அக்டோபரில் மூடிவிடுகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022இல் வந்த க்யூட் முதுநிலைத் தேர்வுக்கு மார்கழி, தை மாதங்களில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு மார்ச் வாக்கில். பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று அறிவியல் அகாதெமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆண்டு முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். ஆக, பி.எஸ்சி. மூன்றாமாண்டு மாணவி உயர்படிப்பைப் பற்றி முதல்முறையாகக் கேள்விப்பட வேண்டிய மாதம் ஜூலை, தப்பினால் ஆகஸ்ட். நவம்பர் பருவத் தேர்வுக் காய்ச்சல் அப்போது இருக்காது. கூடவே இரண்டாமாண்டு வகுப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் கையில் இன்னும் ஒரு முழு ஆண்டு இருக்கிறது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்று சாதிச் சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, மத்திய அரசு சார்ந்த சேர்க்கைகளில் அந்தச் சான்றிதழ் செல்லாது. இதர பிற்படுத்தப்பட்டோர் என்று மத்திய அரசின் படிவத்தில், வசதியான பிரிவில் வராதவர் என்ற குறிப்போடு தனியாக ஒன்று வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று அது ஏறி இறங்கி வர நாட்கள் ஆகும். அக்டோபர் முதல் வாரத்தில் இது தெரியவந்து, பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிட்டுப் பிறகு வருந்திய பிள்ளைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஜூலையில் போய் இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாலும் உங்கள் பயணப்படிக்கு அது ஈடு.

"அது சரி, நான் என் துறைக்கு ஆள் தேடப் போகிறேன், ஜாமையும் க்யூட்டையும் நான் ஏன் சொல்ல வேண்டும்?" என்று கேட்பீர்கள். எங்கள் துணைவேந்தர் ஒருவரும் கேட்டார், இன்னும் காரமாக: "நம் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஐ.ஐ.டி.க்கு ஆள் பிடிக்கிறீரா?" நான் செய்தது அதுதான், மறுக்கவில்லை. ஜாம் தேர்வில் மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண், முழுக்க ஆங்கிலத்தில். எல்லா ஐ.ஐ.டி.களையும் சேர்த்தாலும் அதன் வழியே போகும் இடங்கள் சுமார் 3,000தான். அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் படித்த பத்துப் பேர் அதற்கு ஆறு மாதம் படித்தால், ஒருவரோ இருவரோ மேலே போவார்கள். மீதி எட்டுப் பேர் என்ன ஆவார்கள்? வெக்டரும் வெப்ப இயக்கவியலும் ஊறிய தலையோடு, வழி காட்டியவரைத் தேடி வருவார்கள். என் வகுப்பில் உருப்படியாகப் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படி ஜாமில் தோற்றுவிட்டு வந்தவர்கள். அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதித் துணைவேந்தரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்தாரா என்று தெரியாது; அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மேலே போன பிள்ளையாலும் நமக்கு லாபம் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பி.எஸ்சி. முடித்தவர்களை நேரடியாக எடுத்துக்கொள்ளும் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்பு இருக்கிறது. ஒரு ஊர்ப் பிள்ளை அங்கே போய்விட்டால், அந்தக் கல்லூரியில் அடுத்த ஆண்டு உங்கள் பேச்சை நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்பார்கள். தேர்வுக் கட்டணத்தையும் சொல்லிவிடுங்கள்: ஜாமில் ஒரு தாளுக்கு சுமார் ₹2,000, பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அந்தப் பாதியும் பலருக்குப் பெரிய தொகை. பழைய மாணவர் சங்கம் எதற்காக இருக்கிறது, ஆண்டுக்கொரு முறை பிரியாணி சாப்பிடவா?

இப்போது 'பிள்ளை பிடிக்க வந்தீர்களா' என்ற துறைத்தலைவர். உங்களுக்கு வலித்தது புரிகிறது. ஆனாலும் அவர் பக்கம் சற்று நின்று பாருங்கள். அந்தக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கும் என்றே நினைக்கிறேன். அவருடைய 20 இடங்களில் பதினொன்றோ பன்னிரண்டோதான் நிரம்பியிருக்கும். இன்னும் இரண்டாண்டு இப்படிப் போனால் பாடப்பிரிவையே மூடிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "உங்கள் பிள்ளைகளை எங்களிடம் அனுப்புங்கள்" என்றால், அவர் சிரித்ததோடு விட்டது பெருந்தன்மை.

ஆகவே கல்லூரிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதுகலை இல்லாத கல்லூரிகளில் பி.எஸ்சி. மாணவர்களிடம் எம்.எஸ்சி. பற்றிப் பேசுங்கள். முதுகலை இருக்கும் கல்லூரிகளில் பி.எஸ்சி. வகுப்புப் பக்கமே போகாதீர்கள், எம்.எஸ்சி. இரண்டாமாண்டு மாணவர்களிடம் ஆராய்ச்சி பற்றிப் பேசுங்கள். இரண்டு இடத்திலும் துறைத்தலைவர் உங்கள் ஆளாகிவிடுவார். காரணம் சொல்கிறேன். நாக் என்ற தேசிய அமைப்பின் தர மதிப்பீட்டுக்குக் கல்லூரிகள் எழுதும் அறிக்கையில், இங்கே படித்தவர்களில் எத்தனை பேர் உயர்கல்விக்குப் போனார்கள் என்று கேட்கிறார்கள், சான்றும் கேட்கிறார்கள். அந்தச் சான்றுக்காகப் பழைய மாணவர்களின் செல்பேசி எண்களைத் தேடி அலையாத துறைத்தலைவர் கிடையாது. "உங்கள் கல்லூரியிலிருந்து எங்களிடம் சேர்ந்தவர்களின் பட்டியலையும் சேர்க்கைக் கடித நகலையும் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நானே அனுப்பிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி அனுப்புங்கள். அடுத்த முறை போகும்போது டீயோடு காரச்சேவும் வரும்.

போவதற்கு முன் எழுதும் கடிதத்தில், எந்த ஷிப்டில் இயற்பியல் நடக்கிறது என்று கேட்டுவிடுங்கள். அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலை, மாலை என்று இரண்டு ஷிப்ட் உண்டு. காலை ஷிப்ட் பிள்ளைகளில் பலர் மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகிறவர்கள். ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், மேற்கு மாவட்டங்களில் பனியன் கம்பெனி. நீங்கள் மதியம் ஒன்றரைக்கு மைக்கைப் பிடித்தால், உங்களைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஆர்வமில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அரை நாள் கூலி அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

கருத்தரங்கக் கூடமே வேண்டாம். அங்கே போனால் தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, முதல்வர் உரை, பொன்னாடை என்று இருபத்தைந்து நிமிடங்கள் போய்விடும். ஒலிபெருக்கி கீச்சிடும். வேதியியல், தாவரவியல், வணிகவியல் என்று கூடத்தை நிரப்ப அழைத்து வந்த பிள்ளைகளெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் 400 துண்டறிக்கைகள் அவர்கள் கையில்தான் விசிறியாகியிருக்கும். வகுப்பறையைக் கேளுங்கள். கரும்பலகையும் முப்பது பிள்ளைகளும் போதும்.

அந்த வகுப்பறையில் உங்கள் துறையைப் பற்றிப் பேசாமல் பாடம் நடத்துங்கள். நான் வழக்கமாக எடுத்துப் போவது மூன்று போலராய்டு தகடுகள், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுபவை. சட்டைப் பையில் அடங்கிவிடும். முதல் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டாவதை அதன் முன் வைத்துச் சுழற்றினால் ஒரு கட்டத்தில் முழு இருட்டு. இது புத்தகத்தில் இருப்பதுதான், வகுப்பு தலையாட்டும். "இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதையும் செருகினால்?" என்று கேட்பேன். இன்னும் இருட்டாகும் என்று ஒரே குரலில் பதில் வரும். ஒரு பிள்ளையை அழைத்து, மூன்றாவது தகட்டை அவள் கையிலேயே கொடுத்து, நடுவில் சாய்வாகச் செருகச் சொல்வேன். வெளிச்சம் வந்துவிடும். தடுப்பு ஒன்று கூடியிருக்கிறது, வெளிச்சமும் கூடியிருக்கிறது. வகுப்பில் சத்தம் எழும். ஒருமுறை தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில், கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து தகட்டை வாங்கி, எடுத்தும் செருகியும் நாலைந்து முறை பார்த்தாள். பிறகு, "சார், அப்படியானால் நடுத் தகடு வெளிச்சத்தை மாற்றுகிறதா, சும்மா வடிகட்டுகிறதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் குவாண்டம் இயங்கியலின் முதல் அத்தியாயம் இருக்கிறது. அவள் மதிப்பெண் பட்டியலைப் பிறகு பார்த்தேன்: 61 விழுக்காடு. எங்கள் துண்டறிக்கையில் 'சிறந்த மாணவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்று அச்சடித்திருந்தோம். அதைப் படித்திருந்தால் அவள் எழுந்தே வந்திருக்க மாட்டாள்.

(இடையில் ஒரு வேண்டுகோள். கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குப் போக நேர்ந்தால் ராமானுஜனை இழுக்காமல் பேசிவிட்டு வாருங்கள். அங்கே போகிற ஒவ்வொருவரும் அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். 1904இல் அங்கே சேர்ந்து, மற்றப் பாடங்களில் தோற்று, உதவித்தொகையை இழந்து வெளியேறியவர் அவர். அந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை. அரியர் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குத் தேவையானது அதுதான். ஆக, சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள்.)

வகுப்பு முடிந்ததும் உடனே முதல்வர் அறைக்குப் போய்விடாதீர்கள். ஆய்வக வாசலிலோ வேப்பமரத்தடியிலோ அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். உங்களை அனுப்பிய வேலை அங்கேதான் நடக்கிறது. கூட்டத்தில் வாயைத் திறக்காத பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வருவார்கள். அவர்கள் கேட்பவற்றுக்கு உங்கள் கையேட்டில் பதில் இருக்காது. போலராய்டுப் பெண் என்னிடம் இரண்டாவதாகக் கேட்ட கேள்வி இது: "சார், ஹாஸ்டலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு விடுவார்களா?" நான் ஏதோ வீட்டு ஞாபகம் என்று நினைத்து, "விடுமுறைக்குத்தான் போகலாம்" என்று சொல்லப் போனேன். பக்கத்தில் நின்ற தோழி, "அவள் சனி, ஞாயிறு பூ கட்டப் போவாள் சார்" என்றாள். வாரத்தில் அந்த இரண்டு நாள் சம்பாத்தியத்தில் தம்பியின் படிப்பு நடக்கிறது. அங்கிருந்தே விடுதிக் காப்பாளருக்குப் போன் செய்தேன். வெள்ளி மாலை போய்த் திங்கள் காலை வகுப்புக்கு வந்துவிடலாம் என்றார். அவள் சேர்ந்தாள். அவள் எங்கள் துறையைத் தேர்ந்தெடுத்ததற்கு எங்கள் ஆய்வுக் கட்டுரைகளோ தரவரிசையோ காரணமில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகால் பஸ்தான் காரணம்.

ஆகையால் போவதற்கு முன் நீங்கள் படித்துக்கொள்ள வேண்டியவை வேறு. விடுதிக் கட்டணம் மாதம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, அதைத் தவணையில் கட்டலாமா. உங்கள் ஊர்ப் பஸ் நிலையத்திலிருந்து அந்த ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. பட்டியலின, பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை எம்.எஸ்சி.க்கும் உண்டு, குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு ₹2.5 லட்சம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 கிடைக்கிறதே, அது பட்டப்படிப்போடு நின்றுவிடும். அந்த ஆயிரத்தைத் தாயார்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள், 'எம்.எஸ்சி.க்கும் வருமா?' என்று கேட்பார்கள். வராது என்று சொல்லிவிட்டு, எது வரும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். எம்.எஸ்சி. மட்டும் முடித்தால் வேலை தானாக வராது. எம்.எஸ்சி.யோடு பி.எட்.டும் முடித்தால் மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் பணிக்கான தேர்வு எழுதலாம். இந்த ஒரு வாக்கியம் பல வீடுகளில் பி.எட்.டுக்கும் எம்.எஸ்சி.க்கும் நடக்கும் சண்டையைத் தீர்த்து வைத்திருக்கிறது. எது முதலில் என்பதுதான் பேச்சாகிவிடும். உங்கள் மாணவர்கள் கடந்த மூன்று ஆண்டுகளில் எங்கெங்கே போனார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்து எழுதுங்கள். நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்றால், அந்தப் பட்டியலில் 'வேலை தேடுகிறார்' என்று இருக்கும் நான்கு வரிகளிலிருந்துதான் வருகிறது.

ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும். இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் துறையில் ஒரு ஆய்வுத் திட்டத்துக்கு நிதி வரும் என்று எதிர்பார்த்திருந்த சமயம். ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. முடிக்கவிருந்த பையனிடம், "வந்து சேர், உதவித்தொகை வந்துவிடும்" என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை, வரும் என்று நானும் நம்பினேன். சேர்ந்தான். நிதி வரவில்லை. பகலில் ஆய்வகம், மாலையில் டியூஷன் சென்டர் என்று இரண்டாண்டு ஓட்டினான். ஒருநாள் தன் சோதனைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். அட்டை போட்டு, பக்க எண் இட்டு, அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தான். "அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை சார்" என்றான். தடுக்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரே மாதிரிதான் சொல்லி வந்தேன். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நடத்தும் நெட் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரியிலிருந்து மாதம் ₹37,000. இரண்டாண்டுக்குப் பிறகு ₹42,000. வீட்டு வாடகைப்படி தனி. அந்தத் தொகையைச் சொல்லும்போது தகப்பனார் முகம் மாறும். படிப்புக்குச் சம்பளமா என்பார். அங்கேயே அடுத்ததையும் சொல்லிவிட வேண்டும்: தேர்வு எழுதுகிறவர்களில் மிகச் சிலருக்கே அது கிடைக்கிறது, அது இல்லாமல் சேர்ந்தால் கையில் காசு இல்லாமல் ஐந்தாண்டு ஓட்ட நேரிடலாம். கிடைத்தால் வாருங்கள், கிடைக்காவிட்டால் இன்னொரு முறை எழுதிவிட்டு வாருங்கள் என்பேன். ஆய்வு நெறியாளர்கள் சிலருக்கு இதில் என்மேல் வருத்தம். அவர்களுக்கு ஆய்வகத்தில் கை வேண்டும். பையனுக்குச் சோறு வேண்டுமே. இன்னும் பல வீடுகளில், "எம்.பில். முடித்துவிட்டு வரட்டுமே" என்பார்கள், 2022 விதிகளோடு எம்.பில். நின்றுவிட்டது என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்களுக்கு இருக்கும் ஒரு வசதி எனக்கு இருந்ததில்லை. நீங்கள் போகும் இயற்பியல் வகுப்புகள் பலவற்றில் பெண்களே கூடுதலாக இருப்பார்கள். அவர்கள் வீட்டில் தாயாரிடம் நான் பேச முடியாது, நீங்கள் பேசலாம். விண்ணப்பம் வந்த பிறகு, மே மாதத்தில் ஒரு மாலை நேரத்தில், வேலை முடிந்து வீடு திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போன் செய்யுங்கள். படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. "நான் அங்கேதான் பாடம் நடத்துகிறேன், பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் போதும். சொன்ன பிறகு பார்த்துக்கொள்ள வேண்டும், அது வேறு விஷயம்.

அடுத்த முறை தனியாகப் போகாதீர்கள். உங்கள் எம்.எஸ்சி. வகுப்பில் அந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளை யாராவது இருந்தால் அழைத்துப் போங்கள். பஸ் கட்டணமும் சாப்பாடும் உங்கள் செலவாக இருக்கட்டும். அலுவலகத்தில் அதற்குச் செலவுத் தலைப்புக் கிடையாது. நீங்கள் பாடம் நடத்துங்கள். அவளை ஒன்றும் பேசச் சொல்லாதீர்கள். வேப்பமரத்தடியில் அவளைச் சுற்றி நிற்கும் கூட்டம் உங்களைச் சுற்றி நிற்பதைவிடப் பெரிதாக இருக்கும். சாப்பாடு எப்படி, ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா, எந்த சார் திட்டுவார் என்றெல்லாம் அங்கே ஓடும். நீங்கள் தள்ளி நின்று டீ குடியுங்கள்.

கணிதத் துறையில் தோழியர் யாராவது இதே சங்கடத்தில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். எம்.டி.டி.எஸ். என்று 1993இலிருந்து ஒரு கோடைப் பயிற்சி நடந்து வருகிறது. இளங்கலை மாணவர்களை நான்கு வாரம் உட்காரவைத்து, சூத்திரத்தை ஒப்பிக்கவிடாமல், கேள்வி கேட்டே கணிதம் பழக்குகிறார்கள். அதற்கு ஒரு பிள்ளையை விண்ணப்பிக்க வைப்பது, பத்துக் கல்லூரியில் பேனர் கட்டுவதற்குச் சமம்.

ஐந்து கல்லூரிகள் என்று கொடுத்தால் ஐந்துக்கும் போய்க் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மனத்தில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரண்டுக்கும் மூன்றாண்டு தொடர்ந்து போங்கள். முதல் ஆண்டு உங்களைப் பல்கலைக்கழகத்து மேடம் என்பார்கள். இரண்டாம் ஆண்டு பெயர் தெரிந்திருக்கும். மூன்றாம் ஆண்டு, "மேடம், ஜூலை வந்துவிட்டது, எப்போது வருகிறீர்கள்?" என்று அங்கிருந்து போன் வரும். 'பிள்ளை பிடிக்க வந்தீர்களா' என்றவரிடமும் மறுபடி போங்கள். அவருடைய எம்.எஸ்சி. வகுப்பில் நெட் தேர்வுக்கு ஒரு சனிக்கிழமை பாடம் எடுத்துத் தருவதாகக் கடிதம் எழுதிவிட்டுப் போங்கள். மறுக்க மாட்டார்.

கடைசியாக அந்தக் கட்டம். எங்கள் படிவத்திலும் 'பயன்' என்று ஒன்று இருந்தது, விரல் அகலம்தான். விண்ணப்ப எண்ணிக்கையை அதில் எழுத நான் மறுத்ததில்லை. அதை எழுதாவிட்டால் அடுத்த முறை பயணப்படி வராது. மூன்று என்றால் மூன்று என்று எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில், தனியாக வந்து பேசியவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். அலுவலகத்தில், "இது என்ன மேடம் கணக்கு?" என்று கேட்பார்கள், என்னிடமும் கேட்டார்கள். வீட்டில் ஒரு நோட்டில் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கேட்ட கேள்வியைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த ஜூலையில் அந்த ஊருக்கு பஸ் ஏறும்போது அந்த நோட்டு பையில் இருக்கட்டும். மூன்று போலராய்டுத் தகடுகளை இந்தக் கடிதத்தோடு தபாலில் அனுப்பியிருக்கிறேன். கீறல் விழாமல் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.